பூட்டி வைத்த பாலிஷ்

மேசை நாற்காலிக்குப் போடும் பாலிஷை யார் வைத்திருக்கலாம், யார் விற்கலாம் என்று சொல்ல தமிழ்நாட்டில் தனியாக ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. 1959இல் வந்தது. குடிக்க முடியாதபடி ஆக்கிய ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் மூன்றையும் ஒரே தலைப்பில் சேர்த்து, வார்னிஷுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பிரெஞ்சு பாலிஷ்' என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். இந்த விதிகளுக்குத் தாய்ச்சட்டம் தொழிற்சாலைச் சட்டம் கிடையாது, தீத்தடுப்புச் சட்டமும் கிடையாது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்.

அதாவது அரசாங்கத்தின் கண்ணில் பாலிஷ் தச்சுப் பட்டறைச் சாமான் மட்டுமில்லை. அதுவும் ஒரு 'சரக்கு'தான்.

எனக்கு இது ஒரு மேசை வழியாகத் தெரிய வந்தது. ஓசூரில் வாடகைக்கு இருந்துகொண்டு வாரத்தில் இரண்டு நாள் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். மீதி நாளெல்லாம் வீட்டில்தான் வேலை. அதற்கு ஒரு மேசை வேண்டும். புதிதாக வாங்கலாம் என்றால், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் பண்ணியதே பன்னிரண்டாயிரம் சொல்கிறார்கள். ஒருமுறை தண்ணீர் கொட்டினால் ஓரமெல்லாம் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி உப்பிக்கொள்ளும். என் பட்ஜெட் ஐயாயிரம். பாகலூர் ரோட்டுப் பக்கம் இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல் விற்கும் கடை ஒன்றில் ஒரு பழைய ஆபீஸ் மேசை கிடந்தது. 4 அடிக்கு 2 அடி. இரண்டு டிராயர். ஒரு கால் ஆடியது. முழுக்கப் பச்சை எனாமல் பெயிண்ட். 1,800 ரூபாய் என்றார்கள், வாங்கிவிட்டேன்.

கடைக்காரர் மேசையை ஆட்டோவில் ஏற்றும்போதே யோசனை சொன்னார்: "மேல மைக்கா ஒட்டிடுங்க சார். புதுசு கணக்கா ஆயிடும்."

இந்த 'மைக்கா' ஒரு வேடிக்கையான சொல். 1912இல் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸில் வேலை பார்த்த இரண்டு பொறியாளர்கள், மின்சாதனங்களில் காப்புப் பொருளாகப் பயன்பட்ட மைக்கா என்ற கனிமத்துக்கு மாற்றாக, துணியையும் பிசினையும் அழுத்தி ஒரு தகடு செய்தார்கள். மைக்காவுக்குப் பதிலானது என்ற பொருளில் அதற்கு 'பார்மைக்கா' என்று பெயர். அந்தத் தகடுதான் பிறகு சமையலறை மேடைக்கும் மேசைக்கும் வந்தது. நம்மூருக்கு 'சன்மைக்கா' என்ற பெயரில் வந்து, முன்பாதி தேய்ந்து வெறும் மைக்கா ஆகிவிட்டது. மைக்கா அல்லாத ஒன்றைத்தான் ஊரே மைக்கா என்கிறது. மரச்சாமான் விஷயத்தில் பெயர்களை நம்பவே கூடாது. மேசையும் அலமாரியும் போர்த்துகீசியர்கள் விட்டுவிட்டுப் போன சொற்கள். பிரெஞ்சு பாலிஷில் பிரெஞ்சு எவ்வளவு என்பதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

மைக்கா ஒட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். அப்படியென்றால் பச்சைப் பெயிண்டை எடுக்க வேண்டும். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தைய பெயிண்டை உலர்ந்த உப்புத்தாளில் தேய்த்தால் வரும் தூசி நுரையீரலுக்குப் போகும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதன் கைக்கும் வாய்க்கும் போகும். சூட்டுத் துப்பாக்கி வைத்து உருக்கினால், சூடு கூடிப்போகும்போது புகையாகவே வரும். அதனால் மொட்டைமாடியில் தார்ப்பாய் விரித்து, முகமூடி போட்டு, பெயிண்டை ஈரமாக்கி ஈரமாக்கி இரும்புத் தகட்டால் சுரண்டினேன். பழைய ஆசாரிகள் உடைந்த கண்ணாடிச் சில்லால் இதைச் செய்வார்கள். அந்த அளவுக்கு எனக்குக் கை வராது. சுரண்டியதையெல்லாம் ஈரத்தோடு அள்ளிக் கட்டிவைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

பச்சைக்குக் கீழே கருஞ்சிவப்பாக இன்னொரு படலம் இருந்தது. ஒரு பழைய மரச்சாமானின் மேல்பூச்சு என்ன என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. டிராயருக்கு உள்பக்கம், யார் கண்ணிலும் படாத மூலையில், ஆல்கஹால் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். பிசுபிசுவென்று கரைந்து பஞ்சில் செம்பழுப்பு ஏறினால் அது அரக்கு. அசையாமல் இருந்தால் வேறு ஏதோ. என் பஞ்சில் செம்பழுப்பு ஏறியது. அரக்குக்கும் கீழே மரம் வந்தபோது, ஈரம் பட்ட இடத்திலெல்லாம் தண்ணீர் மஞ்சளாக ஓடியது. தேக்கு இப்படிச் சாயம் விடாது. வேங்கை விடும். சர்க்கரை நோய்க்காரர்கள் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிறார்களே, வேங்கை மர டம்ளர், அந்தச் சாயம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளில் வளரும் மரம்தான். என் மேசை எந்தக் காட்டிலிருந்து வந்ததோ, அது வேறு விஷயம்.

அரக்கைத் திரும்பப் போட வேண்டுமென்றால் இரண்டே பொருள் போதும். அரக்குச் செதில், அதைக் கரைக்க ஸ்பிரிட். செதில் இணையத்தில் கிடைத்தது. ஸ்பிரிட் கேட்டு நான்கு ஹார்டுவேர் கடை ஏறினேன். மூன்று கடையில் "தின்னர்தான் இருக்கு." நான்காவது கடையில் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

அங்கேதான் பாலிஷ் பாயின் அறிமுகம் கிடைத்தது. கடைக்கு வந்திருந்த ஒரு தச்சர், "பழைய ஆளு ஒருத்தரு இருக்காரு, அவரைக் கேளுங்க" என்று மத்திகிரிப் பக்கம் அனுப்பிவைத்தார். எழுபதைத் தாண்டியவர். பையனாக இருந்தபோது பெங்களூரு சிவாஜி நகரில் தொழில் கற்றவர். ஓசூரில் ஃபேக்டரிகள் வந்த காலத்தில், ஆபீசர்களின் மேசைகளுக்குப் பாலிஷ் போட ஆள் வேண்டும் என்று கூட்டிவரப்பட்டு, இங்கேயே தங்கிவிட்டார்.

"ஸ்பிரிட் எங்க பாய் கிடைக்கும்?" என்றேன்.

"கேட்டுப் பாரு தம்பி. உன்னைத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க."

ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கான பதில் ஒரு பூச்சியில் தொடங்கி, ராஜாஜி வழியாக, இந்த எல்லைக் கிராமங்களின் சுடுகாடுகள் வரை போகிறது.

அரக்கு என்பது அரக்குப் பூச்சி தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பிசின் வீடு. புரசு, இலந்தை, குசும் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் லட்சக்கணக்கில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி வாழும். லட்சம் என்ற எண்ணையும் 'லாக்ஷா' என்ற சமஸ்கிருதச் சொல்லையும் இதனால்தான் சேர்த்துப் பேசுவார்கள். இன்றைக்கும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் பழங்குடி மக்கள்தான் பெரும்பாலும் சேகரிக்கிறார்கள். கிளையிலிருந்து சுரண்டி, கழுவி, உருக்கி, மெல்லிய தாளாக இழுத்து, ஆறியதும் நொறுக்கினால் செதில். பாரதத்தின் அரக்கு மாளிகை நமக்கெல்லாம் தெரியும். தட்டார் நகைக்குள் அடைப்பதும், தபால் ஆபீஸில் முத்திரை குத்துவதும் இந்த அரக்குதான். 1950கள் வரை உலகம் கேட்ட 78 சுற்று இசைத்தட்டுகளும் அரக்கைக் கொண்டு செய்தவை. இரண்டாம் உலகப்போரில், 1942இல், அமெரிக்க அரசு இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கான அரக்கை வெட்டிக் குறைத்தது. நம் காட்டுப் பூச்சி நின்றால் அவர்கள் பாட்டு நின்றுவிடும் என்ற நிலை. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924இலேயே அரக்குக்கென்று ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதற்குக் காரணம் இந்த ஏற்றுமதி வியாபாரம்தான்.

மரத்துக்கு அரக்குப் பூச இரண்டு வழிகள். ஒன்று சூடு. ஓசூரிலிருந்து ராமநகரம் வழியாகப் போனால் சென்னபட்டணம் வரும். அங்கே பொம்மை செய்கிறவர்கள், கடைசல் எந்திரத்தில் சுற்றும் பாலை மரக் கட்டையில் வண்ண அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மினுக்கும். ஒரு சொட்டு ஸ்பிரிட்டும் தேவையில்லை. ஆனால் இது உருண்டையாகச் சுற்றக்கூடிய பொருளுக்கு மட்டும்தான் சரிப்படும். மேசைப் பலகையைச் சுற்ற முடியாது.

தட்டையான மரத்துக்கு இரண்டாவது வழி: சாராயத்தில் கரைத்துப் பூசுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். பருத்திப் பஞ்சை மெல்லிய துணியில் உருண்டையாகக் கட்டி, கரைசலில் நனைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, எட்டு வடிவத்தில் தேய்த்துக்கொண்டே போவது. நெப்போலியன் போர்கள் முடிந்தபின் இங்கிலாந்துக்குப் பரவி, அங்கிருந்து துரைமார்களின் பியானோக்களோடும் மேசைகளோடும் கப்பலேறி வந்தது. பூச்சி நம்முடையது, பிசின் நம்முடையது, துணி உருண்டை மட்டும்தான் அவர்களுடையது. அதற்குப் பெயர் பிரெஞ்சு பாலிஷ்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. அரக்கைக் கரைப்பது குடிக்கிற சாராயமேதான். அதன்மேல் கனமான வரி. தொழிலுக்கு வரியில்லாமல் சாராயம் வேண்டுமென்று தொப்பி செய்கிறவர்களும் பாலிஷ்காரர்களும் கேட்டுக்கொண்டே இருக்க, 1855இல் பிரிட்டன் ஒரு வழி கண்டுபிடித்தது. சாராயத்தில் பத்தில் ஒரு பங்கு மர நாப்தாவைக் கலந்துவிடு. மரத்தை மூடிய கலத்தில் எரித்து வடித்த திரவம் அது, அதில் முக்கியமாக இருப்பது மெத்தனால். குடித்தால் கேடு, நாற்றமும் தாங்காது, யாரும் குடிக்க மாட்டார்கள், வரியும் வேண்டாம். இதுதான் மெத்திலேட்டட் ஸ்பிரிட். மரத்தைப் பளபளக்க வைக்கும் திரவத்தில் மரத்திலிருந்தே வடித்த விஷத்தைக் கலந்தார்கள். காலனி நாடுகளுக்கும் இந்த ஏற்பாடு வந்தது. யாரும் குடிக்க மாட்டார்கள் என்ற கணக்கு மட்டும் எல்லா இடத்திலும் பிசகியது.

ஓசூரிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்த ஊர். ஓசூரில் பள்ளிக்கூடம், பெங்களூருவில் கல்லூரி, சேலத்தில் வக்கீல் தொழில். திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் அவருக்கு உதவியாளர். 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அந்த அக்டோபர் 1ஆம் தேதியே மதுவிலக்கு வந்துவிட்டது. மாகாணம் முழுக்க இல்லை, முதலில் ஒரே ஒரு மாவட்டத்தில், சேலத்தில். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய சேலம் மட்டுமில்லை. தருமபுரி 1965இலும் கிருஷ்ணகிரி 2004இலும் பிரிவதற்கு முந்தைய சேலம் அது. ஓசூர், கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அதற்குள். சென்னை மாகாணத்தின் மதுவிலக்குக்குச் சோதனைக்கூடம் அவருடைய சொந்த ஊர்தான்.

எங்கள் பாஷையில் இதை 'பைலட்' என்போம். ஒரு சின்ன வட்டத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெரிதாக்குவது. ராஜாஜி அதைச் சரியாகவே செய்தார் என்பது என் எண்ணம். அடுத்தடுத்த ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு சேர்ந்தன. வருமான இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. 1948 அக்டோபர் 2 அன்று ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதற்கும் வந்தது.

கள்ளுக்கடை மூடினால் கள் குடித்தவர்கள் எல்லாரும் மோர் குடிக்கப் போவதில்லை. கள்ளச்சாராயம் காய்ச்சினார்கள். காய்ச்ச முடியாத நகரத்தில், ஏற்கெனவே காய்ச்சிப் புட்டியில் அடைத்து, தச்சுப் பட்டறைகளில் சட்டப்படியே இருந்த ஒரு திரவம் கண்ணில் பட்டது. சென்னையில் பிரெஞ்சு பாலிஷ் குடிப்பது ஒரு தனிப் பழக்கமாகவே வளர்ந்தது. அரக்கு தண்ணீரில் கரையாது. பாலிஷில் தண்ணீர் பட்டால் அரக்கு திரிந்து பிரிந்துவிடும். மிஞ்சுவதில் மெத்தனால் எத்தனை பங்கு என்று குடிப்பவனுக்குத் தெரியாது. 1959 விதிகள் ஏன் மேசைப் பாலிஷைப் பெயர் சொல்லிப் பிடித்தன என்பது இங்கே வந்தால் புரிந்துவிடும்.

மெத்தனால் போதை மட்டும் தந்துவிட்டுப் போகும் பொருளில்லை. உடலுக்குள் போனபின் முதலில் ஃபார்மால்டிஹைடாக, பிறகு ஃபார்மிக் அமிலமாக மாறும். அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும். அதனால்தான் கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளில் தப்பியவர்களுக்குக் கண் போனது என்ற வரி எப்போதும் இருக்கிறது. குடித்த உடனே ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் ஊரே குடித்திருக்கும்.

பாலிஷ் பாய் தொழிலுக்கு வந்த காலத்தில் மதுவிலக்கு ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தது. 1971இல் தளர்த்தி, 1974இல் மீண்டும் கொண்டுவந்து, 1981இல் மறுபடி தளர்த்தினார்கள். நடுவில் இருந்த அந்த ஏழு வருடமும் அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் கடை கிடையாது, அந்தப் பக்கம் சாராயக்கடை திறந்திருந்தது. "குடிக்கணும்னா பஸ் ஏறி அத்திப்பள்ளி போவாங்க. பஸ்ஸுக்குக் காசில்லாதவன்தான் பாலிஷைக் குடிப்பான்" என்றார். அவர்களுடைய பாலிஷ் மேஸ்திரியின் டிரங்குப் பெட்டியில் பூட்டிக் கிடக்குமாம். காலையில் புட்டியில் அளந்து ஊற்றித் தருவார். மேசைக்கு இவ்வளவு, நாற்காலிக்கு இவ்வளவு. சாயந்தரம் மிச்சத்தை அளந்து வாங்கிக்கொள்வார்.

"அதோட விடமாட்டாரு. ஒவ்வொருத்தன் வாயையும் மோந்து பாப்பாரு."

"வாசனை வருமா பாய்?"

"எப்படி வராம இருக்கும்? நாள் முழுக்க அதுலதான கை வெச்சிருக்கோம். மூஞ்சி, சட்டை, தலைமுடி எல்லாம் அதே வாசனைதான். குடிச்சவனும் குடிக்காதவனும் ஒண்ணாத்தான் நாறுவான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில் "பாலிஷ் வேலையா, அப்போ குடிப்பாரே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் வாழ்க்கையில் குடித்ததே கிடையாதாம். உடன் வேலை பார்த்தவர்களில் குடித்தவர்கள் உண்டா என்று கேட்டேன். "இருந்தாங்க" என்றார். மேற்கொண்டு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சட்டத்தை எளிதாகக் கிண்டல் செய்யலாம். நானும் முதலில் அப்படித்தான் ஒரு கட்டுரை எழுத நினைத்தேன். அதே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் விதி போட்டுத்தான் இன்றைக்கு டாஸ்மாக் கடைகள் நடக்கின்றன. இதைவிடப் பெரிய கிண்டல் வேண்டுமா? ஆனால் இந்த எல்லையில் செத்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தபின் கிண்டல் வரவில்லை. 1981 ஜூலையில் பெங்களூருவில் மலிவுச் சாராயத்தில் மெத்தனால் கலந்து 300 பேருக்கு மேல் இறந்தார்கள். கர்நாடக அரசு 2007 ஜூலை 1 முதல் சாராயத்தை முழுக்கத் தடை செய்தது. அடுத்த ஆண்டு மே மாதம் பெங்களூரு ஊரகம், கோலார், இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லைக் கிராமங்கள் என்று ஒரே வாரத்தில் 150 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள். 2020 ஏப்ரலில் ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்தபோது செங்கல்பட்டில் பெயிண்டையும் வார்னிஷையும் கலந்து குடித்த மூன்று பேர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் மேசைப் பாலிஷுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் எல்லாவற்றிலும் கொன்றது தொழிற்சாலைக்கான ஒரு கரைப்பான்தான். அதைப் பூட்டி வைக்க ஒரு சட்டம் வேண்டும் என்று நினைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. பூட்டின் சாவி யாரிடம் இருந்தது என்பதும், பூட்டிக் கிடந்ததால் யார் சந்தேகப்பட்டியலில் நின்றார்கள் என்பதும் வேறு கேள்வி. மேஸ்திரி தன் முதலாளியின் வாயை ஒருநாளும் மோந்து பார்த்திருக்க மாட்டார்.

சரி, அரக்குப் பாலிஷ் ஓசூரிலிருந்து மறைந்தது இந்தச் சட்டத்தால்தானா? பாதி கூட இல்லை என்று நினைக்கிறேன். பெரிய காரணம் கார் கம்பெனிகள்.

முதல் உலகப்போர் முடிந்தபோது வெடிமருந்துக்கான நைட்ரோசெல்லுலோஸ் அமெரிக்காவில் தேவைக்கு மேல் மிஞ்சியது. டூபாண்ட் நிறுவனம் அதிலிருந்து 1920களில் 'டூகோ' என்ற பெயிண்டைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒரு காருக்குப் பெயிண்ட் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். டூகோ அதை மணிக்கணக்காக்கியது. ஸ்பிரே துப்பாக்கியால் அடிக்கலாம், தின்னரில் கரைக்கலாம், குடிக்கிற சாராயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்றைக்கும் நம்மூர் தச்சர்கள் அலமாரிக்கு அடிக்கிற பளபள வண்ணத்தை 'டூகோ' என்றுதான் சொல்கிறார்கள். பலருக்கு அது கார் பெயிண்டின் பெயர் என்றே தெரியாது.

ஓசூரில் 1970களில் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்டின் ஆலையும், டிவிஎஸ் 50 மொபெட்டும். பிறகு டைட்டன். ஸ்பிரே துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த கைகள் ஊரில் பெருகின. அதே கைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் அடித்தன. அரக்கை மேசைக்கு ஏற்ற நாலைந்து நாள் ஆகும், துப்பாக்கிக்கு ஒரு மதியம் போதும். "நாலு நாள் கூலி யாரு குடுப்பா?" என்கிறார் பாய். அடுத்து மெலமைன், அடுத்து பாலியூரித்தேன். இவை கெட்டியானவை. சூடான பாத்திரம் வைத்தாலும் தாங்கும். அரக்கு தாங்காது, 75 டிகிரி வாக்கில் இளகிவிடும். ஈர டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஓட்டல் மேசைக்கு அரக்குப் போடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அரக்கிடம் ஒரு குணம் இருக்கிறது, மற்றவற்றில் அது கிடையாது. புதிதாகப் பூசும் கரைசல், ஐம்பது வருடத்துக்கு முன் பூசியதையும் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். கீறல் விழுந்த இடத்தில் மட்டும் தொட்டுத் தேய்த்தால் போதும், ஒட்டுத் தெரியாது. பாலியூரித்தேன் காயும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அப்புறம் எதிலும் கரையாது. ஓரிடத்தில் உரிந்தால் முழுவதையும் சுரண்டித்தான் மறுபடி அடிக்க வேண்டும். பசையும் இதே கதை. 1959இல் ஃபெவிகால் வருவதற்கு முன் தச்சர்கள் மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சிய வஜ்ஜிரத்தைத்தான் பயன்படுத்தினார்கள். நாற்றம் பிடித்த வேலை, தினமும் சூடாக்க வேண்டும். ஆனால் நூறு வருடம் கழித்தும் வெந்நீர் காட்டினால் விட்டுக்கொடுக்கும். என் மேசையின் ஆடிய காலுக்கு அப்படித்தான் வைத்தியம் நடந்தது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் வைத்ததும் இணைப்பு நெகிழ்ந்து கழன்றது. பழைய வஜ்ஜிரத்தைத் துடைத்து, துளையைச் சுத்தம் செய்து, புதிதாக ஒட்டியாயிற்று. கழற்ற முடிந்ததால்தான் சரிசெய்ய முடிந்தது. செய்தவர் யாரோ, இன்னொரு ஆசாரி ஒருநாள் இதைத் திறப்பார் என்று தெரிந்தே செய்திருக்கிறார். நான் எழுதும் நிரல்கள் இரண்டு வருடம் தாண்டினால் பெரிய விஷயம்.

ஆகவே நானும் கழற்றக்கூடியதை மட்டுமே சேர்ப்பது என்று வைத்துக்கொண்டேன். மேசையில் வயருக்காக ஓட்டை போடவில்லை. பின்பக்கம் ஒரு பைன் பலகையைப் பழைய ஆணித்துளைகளிலேயே திருகி, வயர், பிளக் எல்லாவற்றையும் அதில் கட்டினேன். அந்தப் பலகை, வெளிநாட்டு எந்திரம் வந்திறங்கிய பெட்டியிலிருந்து கிடைத்தது. சிப்காட்டைச் சுற்றி இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. வாங்கும்போது கோதுமைக் கதிர் முத்திரைக்குப் பக்கத்தில் எச்.டி. என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சி போக மரத்தைச் சூடேற்றியது என்று பொருள். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஸ்பிரிட்டுக்குப் பதில் கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். மின்னணுப் பலகைகளைத் துடைக்க எங்களைப் போன்றவர்கள் வீட்டில் வைத்திருப்பது. மெழுகு நீக்கிய அரக்கு அதில் கரையும், காய்வதற்கு மட்டும் நேரம் கூட எடுக்கும். இதைச் சொன்னதும் பாய் புட்டியை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வாசனை" என்று திருப்பிக் கொடுத்தார். 200 மில்லிக்கு 40 கிராம் செதில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டேன். பழைய வேட்டித் துணியில் பஞ்சை வைத்து உருண்டை கட்டுவது எப்படி என்று பாய் காட்டினார். அடிப்பக்கம் ஒரு சுருக்கம் கூட இருக்கக் கூடாது, இருந்தால் கோடு விழும். ஆளிவிதை எண்ணெய் ஒரே சொட்டு, துணி மரத்தில் பிடிக்காமல் வழுக்குவதற்கு மட்டும். கை மேசையின் மேல் இறங்கும்போதே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும், விமானம் இறங்குவது போல. நடுவில் நிறுத்தினால் அந்த இடம் இளகிப் பிய்ந்து வரும். நாலு நாளில் பன்னிரண்டு தடவை. எண்ணெய் தொட்ட துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் குணம் ஆளிவிதை எண்ணெய்க்கு உண்டு. விரித்துக் காயப்போட்டபின் எறியுங்கள்.

கணக்கு கேட்பவர்களுக்கு: மேசை 1,800. ஆட்டோ 250. உப்புத்தாள், தகடு, முகமூடி 620. செதில் 480. ஆல்கஹால் 390. வஜ்ஜிரம், எண்ணெய் 310. பைன் பலகை, திருகாணி 260. மொத்தம் 4,110 ரூபாய். பாய் காசு வாங்க மறுத்தார். அவருடைய பேரனின் லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்தேன், கணக்கு நேராயிற்று என்றார். நேராகவில்லை என்று எனக்குத் தெரியும்.

கரைசலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கரைத்த அரக்கு நெடுநாள் தாங்காது. ஆறு மாதம், கூடிப்போனால் ஒரு வருடம். அதற்குமேல் பூசினால் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். புட்டியில் தேதி எழுதி, குழந்தைக்கு எட்டாதபடி பரணில் வைத்திருக்கிறேன். அதற்குள் அம்மா ஊரிலிருந்து அவருடைய பழைய மணைப்பலகையைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.